மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்

ஆடி மூன்றாம் வெள்ளி. இரவு.

பக்கத்துக் காட்டுச் செல்லப்பன் காலையில் தன் உருளைக்கிழங்குக் காட்டைப் பார்க்கக் கூட்டிப்போனான். போன மாதம் வேலைக்கு வேலை என்று மாற்றாளாகப் போய் நான் மண் அணைத்துக் கொடுத்த சால்கள் மட்டும் பச்சையாகவே தலை தொங்கிக் கிடந்தன. அவன் அணைத்த பக்கம் நிமிர்ந்து நிற்கிறது.

“ஏனுங்கண்ணா, நீங்க நொம்ப நல்லா அணைச்ச பக்கமே இப்படி ஆயிப்போச்சுங்களே. மருந்தடிச்சாத் தேறுமுங்களா?” என்றான்.

கிராம சேவகர் ஒருமுறை காட்டித் தந்தபடி, ஒரு தண்டை அறுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தினேன். பால் நூல் போல இறங்கியது. வாடல் நோய்தான். மருந்துக்குக் கட்டுப்படாது. மண்ணோடு மண்ணாகப் பரவும்.

“தேறாதுப்பா, பிடுங்கிச் சுட்டுரு. மழைத்தண்ணியில வந்திருக்கும்” என்றேன்.

மழையில் வரவில்லை. போன மாதம் அவனுக்கு மண் அணைக்கப் போன அன்று காலை என் காட்டிலும் சில செடிகள் வாடியிருந்தன. வேரில் புழு என்று நினைத்துத் தோண்டிப் போட்டுவிட்டு, அதே மண்வெட்டியை ஈரமண்ணோடு தோளில் போட்டுக்கொண்டுதான் அவன் காட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான்.

“வெள்ளக்கடையில கட்டிக் குடுத்த தங்கச்சி காட்டுக்கு நாளைக்கு மண் அணைக்கப் போறனுங்க. உங்க மம்முட்டிதானுங்க கைக்கு வாகு. எடுத்துக்கட்டுங்களா?”

அது சுவரோரம் சாய்ந்திருந்தது, இன்று என் காட்டில் தோண்டிய மண்ணோடு. காரணம் சொல்லாமல் எப்படி மறுப்பது?

“எடுத்துக்க” என்றேன்.

முதல் பஸ்ஸுக்கே போய்விடுவான். அவன் வீட்டு விளக்கு இங்கிருந்து தெரிகிறது. இன்னும் தூங்கவில்லை போலிருக்கிறது.

கழுவியாவது கொடுத்திருக்கலாம்.