மூன்றாவது அழைப்பு

அக்கா,

வேலைக்குக் கொண்டுபோகும் பையைத் துவைக்க நேற்று அதைத் தலைகீழாகக் கொட்டினேன். அடி மடிப்பிலிருந்து அந்த ஆரஞ்சு நிற விசில் விழுந்தது. நீங்கள் வாங்கித் தந்தது. ஒருமுறைகூட நான் ஊதாதது.

தாப்பா ஊருக்கு மேலே மலையில் இருக்கும் அந்தக் காட்டுக்கு என்னை இழுத்துப் போனதும் நீங்கள்தான். ஈப்போ அலுவலகத்தில் நாம் இருவர்தான் தமிழ்ப் பெண்கள். உடன் வந்த மற்ற ஐந்து பேரும் மலையேறிப் பழகியவர்கள். நான் தயங்கினேன்.

"அப்பா மரம் சீவுன காலுதானே உனக்கும்? என்னா லா பயம்?" என்றீர்கள்.

பீடோர் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவும்போது அப்பா காலில் போட்டுக்கொண்டிருந்த மாதிரியே ஒரு கறுப்பு ரப்பர் சப்பாத்து வாங்கினேன்.

மலையுச்சியில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் இறங்கும் என்று வழிகாட்டி கிளம்பும்போதே எச்சரித்திருந்தார். தண்ணீர் கலங்கினாலோ, இலைகள் கும்பலாக மிதந்து வந்தாலோ ஆற்றில் யாரும் நிற்கக் கூடாது.

இரண்டாவது அருவிக்கு அப்பால் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. நான் எல்லோருக்கும் பின்னால். பெருமரம் ஒன்றின் வேர்கள் பலகைபோல் என் தலைக்கு மேல் எழுந்து நின்றன. அவற்றின் இடுக்கில் கால் சிக்கி, கணுக்கால் பிசகி, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் நீங்கள் எல்லோரும் அக்கரை சேர்ந்திருந்தீர்கள். வேரின் விளிம்பில் உங்கள் சிவப்புச் சட்டை எனக்குத் தெரிந்தது. உங்களுக்கு நான் தெரியவில்லை.

"செல்வீ!"

நான் வாய் திறக்கவில்லை.

"செல்வீ! எங்கடி இருக்க?"

தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது. வழிகாட்டி தடுக்கத் தடுக்க, ஆற்றின் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி நீங்கள் ஆற்றில் இறங்கினீர்கள்.

என்னைக் கண்டதும் முதலில் திட்டினீர்கள். "வாய வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டியா?" பிறகு என் காலை வேரிலிருந்து விடுவித்தீர்கள். திரும்பும்போது தண்ணீர் இடுப்பளவு.

"தண்ணிய பாக்காத. என் பைய மட்டும் பாரு."

பாதி ஆற்றில் இலைகள் வந்தன. அவற்றின் பின்னால் வந்த கிளை ஒன்று உங்கள் தோளில் மோதியது. கயிறு கையைவிட்டுப் போய், உங்கள் தலை தண்ணீருக்குள் மூழ்கியது. உங்கள் பையின் பட்டை மட்டும் என் பிடியில் இருந்தது. வழிகாட்டி இறங்கி நம் இருவரையும் இழுத்துப் போட்டார். நாம் மிதித்து வந்த பாறைகள் சற்று நேரத்தில் காணாமல் போயின.

"ஏன்டி பதில் சொல்லல?" இருமிக்கொண்டே கேட்டீர்கள்.

"காட்டுல பேரு சொல்லி கூப்பிட்டா மூணாவது தடவதான் பதில் சொல்லணும்னு அப்பா சொல்வாரு, க்கா. மொத ரெண்டும் பேயா இருக்கும்."

நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். மறுநாள் அலுவலகம் முழுக்க அதுதான் பேச்சு. அன்று மாலை இந்த விசிலை என் மேசையில் வைத்தீர்கள். "பேய்க்கு விசிலடிக்கத் தெரியாது லா. இனிமே இத ஊது."

இந்த ஆண்டு மருத்துவமனைக் கட்டிலில், குரல் சரியாக எழாத நிலையில் ஒருமுறை "செல்வி" என்றீர்கள்.

"இருக்கேன், க்கா."

"அட, ஒரே தடவையில!" என்று உதடு விரியச் சிரித்தீர்கள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு நாளில் நீங்கள் இல்லை.

அன்று காட்டில் முதல் அழைப்பே எனக்குக் கேட்டது, அக்கா. பேய் நினைவுக்கே வரவில்லை. எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் நான். அந்த ஐந்து பேர் காதில் விழும்படி "என்னால முடியல" என்று கத்த வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்துக்காக நீங்கள் வெள்ளத்தில் இறங்கினீர்கள். பழியை அப்பாவின் பேய்மேல் போட்டேன்.

நேற்று விசிலை ஊதிப் பார்த்தேன். காது கூசியது. எதிர்வீட்டு நாய் விடாமல் குரைத்தது. இப்போது அது பையின் பட்டையில், கை எட்டும் இடத்தில் தொங்குகிறது.

அலுவலகத்தில் கேலிக்காக இன்னமும் என்னை மூன்று முறை கூப்பிடுகிறார்கள். நான் முதல் தடவையிலேயே எழுந்துவிடுகிறேன்.

செல்வி