வெள்ளிக்கிழமை மீன்கள்

நானா,

இன்று காலை ஓடையிலிருந்து திரும்பி, சட்டைப் பையில் இருந்த உங்கள் ஸ்டொப் வோட்சை வெளியே எடுத்தேன். அதன் நாடா நனைந்திருந்தது. ஈரம் பட்டதும் உங்கள் அத்தர் மணம் எழுந்தது. நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியும் அந்த மணம் போகவில்லை. எழுபது வயதுக்காரனைத் "தம்பி" என்று கூப்பிட நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள்.

அம்பிட்டியவில் என் வீட்டுக்குப் பின்னால் பாதையை அகலமாக்கியபோது, ஓடையைப் பெரிய சீமெந்துக் குழாய்க்குள் விட்டார்கள். மஹய்யாவவில் பிறந்து நாற்பது வருடம் குழாய் பொருத்தியவன் நான். வழவழப்பான குழாயில் தண்ணீர் எப்படிப் பாயும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே போய் முட்டையிட வேண்டிய கெண்டைகள் குழாய்க்குள் நுழைந்தன, பாதி தூரம் போயின, உருண்டு திரும்பி வந்தன. பாதை வேலை செய்த அரசாங்கக் கந்தோரில் போய்ச் சொன்னேன். அங்கிருந்தவர் மீனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். ஐந்தாம் வகுப்பு என்றேன். அவர் சிரித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை.

அன்று நேராக டவுனில் உங்கள் மணிக்கூடு திருத்தும் கடைக்கு வந்தேன். கண்ணில் பூதக்கண்ணாடியோடு நீங்கள் நிமிர்ந்தீர்கள்.

"வாய்ப்பேச்சு வாணாம் தம்பி. மீன் எவ்வளவு வேகமா நீந்துதுன்னு அளந்து காட்டுவோம். வோட்ச் என்ட பொறுப்பு."

கூரைப் பீலியில் ஆறடி வெட்டிச் சரிவாக வைத்தோம். ஓடையில் அள்ளிய தண்ணீரை டிரம்மில் நிரப்பி, பைப் வழியாகப் பீலியில் விட்டோம். மேல்முனையில் சாக்கு போட்டு நிழல் செய்தோம். கீழ்முனையில் விட்ட மீன் நிழலைத் தேடி எதிர்நீச்சல் போடும். நீங்கள் நேரம் எடுத்தீர்கள், நான் எழுதினேன். நீளமான மீன் குட்டை மீனை முந்தியது. வயிறு பருத்தது பிந்தியது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று தெரிந்தது: எந்த மீனும் முழுப் பாய்ச்சலில் சில கணங்கள்தான் போகும், பிறகு ஓய்வு வேண்டும். குழாய்க்குள் ஓய்வெடுக்க ஓர் இடமும் இல்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை மீன்கள் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேகமாகப் போயின. "வெள்ளிக்கிழமை மீனுக்கும் பரக்கத் ஈக்கி!" என்று, அந்த நாளின் அருளைச் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். கந்தோரில் அந்த அட்டவணையைப் பார்த்தவர், வெள்ளிக்கிழமை மட்டும் வேறு மீன்களா என்று கேட்டபோது என் சிரிப்பு போய்விட்டது. வீட்டுக்கு வந்து அந்த நாட்களைச் சிவப்புப் பேனையால் வெட்டினேன். வெட்டியதோடு நிறுத்தவில்லை.

"உங்க வோட்ச்தான் பிழை, நானா. இல்லாட்டி வேணும்னு முந்தி அமத்தியிருக்கீங்க."

மணிக்கூட்டோடு ஐம்பது வருடம் வாழ்ந்த மனிதரிடம் அப்படிச் சொன்னேன். நீங்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு போனீர்கள். ஆனாலும் மறுநாளே வந்தீர்கள். நான் கேட்டைத் திறக்கவில்லை. அதன் மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னீர்கள்: "கோவத்த உடுங்க. வெள்ளிக்கிழமை அந்தத் தண்ணிக்குள்ள கைய வெச்சுப் பாருங்க. அவ்வளவுதான்." எனக்குப் பிடிவாதம். கை வைக்கவில்லை. இரண்டு கிழமையில் நீங்கள் போய்விட்டீர்கள்; உங்கள் ஜனாஸாவில் கடைசி வரிசையில் நின்றேன்.

பிறகு உங்கள் மகள் இந்த வோட்சைக் கொண்டுவந்து தந்தாள். "வாப்பா உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னார்" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தனியாக முயன்றேன். வழக்கம்போலக் காலையிலேயே டிரம்மை நிரப்பினேன். நிரப்பிவிட்டு, நீங்கள் ஜும்ஆ முடிந்து வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வர ஆளில்லை என்பது உறைத்தபோது மதியம் தாண்டிவிட்டது. எழுந்து தண்ணீருக்குள் கையை வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது, நானா.

மற்ற நாட்களில் அள்ளியதும் தொடங்குவோம். வெள்ளிக்கிழமை மட்டும் நீங்கள் பள்ளிக்குப் போய் வரும்வரை டிரம் வெயிலில் கிடக்கும். சூடேறிய தண்ணீரில் மீனின் சதை துரிதமாக வேலை செய்கிறது, குளிரில் விறைக்கிறது. நீங்கள் தொழுகையை விடாததால்தான் அது அகப்பட்டது. அன்று பின்னேரமே டவுனுக்குப் போய்த் தெர்மாமீட்டர் வாங்கினேன்.

புதிய அட்டவணையோடு நாலு முறை கந்தோருக்கு நடந்தேன். நாலாவது முறை, புதிதாக வந்திருந்த பொறியியலாளர் பிள்ளை கேட்டாள், தமிழிலேயே: "ஐயா, குழப்பம் இல்லாம மத்த நாள் கணக்கை மட்டும் தந்தா போதுமே. வெள்ளிக்கிழமைய எடுத்துடலாமா?"

"முடியாதும்மா. அதுதான் இதுல முக்கியமான கணக்கு. குளிர்ல எவ்வளவு பின்தங்குதுன்னு அதை வச்சுத்தானே தெரியுது? காலைக் குளிர்ல சின்ன மீனும் ஏறணும்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு பனிக்காலை நேரில் வந்து, செருப்பைக் கழற்றி ஓடைக்குள் இறங்கி, மீன்கள் உருண்டு விழுவதைப் பார்த்தாள். போன மாதம் குழாயின் அடியில் அடிக்கொரு கல்லாகச் சீமெந்தில் பதித்தார்கள். வாய்க்கருகில் பதித்த மூன்று கற்கள் என் கையால் வைத்தவை. வேறு யாரையும் தொடவிடவில்லை.

இன்று காலை நல்ல குளிர். விரலளவு கெண்டை ஒன்று குழாய்க்குள் நுழைந்தது. வோட்சை அமத்தினேன். முதல் கல்லின் பின்னால் நின்றது. மூச்சு வாங்குவதுபோல வால் அசைந்தது. மறுபடி பாய்ந்தது, அடுத்த கல். குழாய்க்குள் மறைந்ததும் நான் மூட்டுவலியை மறந்து பாதையைக் கடந்து மேல்பக்கத்துக்கு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் அது வெளியே வந்து, பாசிக்குள் போனது. அதன் பின்னால் இன்னும் இரண்டு.

வோட்சை நிறுத்த மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. சுவர் மணிக்கூட்டோடு ஒரு மணிநேரம் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு கணமும் பிசகவில்லை.

பழைய அட்டவணையில் சிவப்பாக வெட்டிய வரிகளை இப்போது நீல மையில் திரும்ப எழுதியிருக்கிறேன். கந்தோரில் சிரித்தவருக்கு என் வாயால் மன்னிப்புக் கிடைக்காது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதை அந்த வரிகளின் கீழேயே எழுதிவிட்டேன்: வோட்ச் சரி. பிழை என்னுடையது.