அச்சில் வராத கடைசி வரி

என் முனிராஜண்ணாவுக்கு, பஸ்ஸில் உன் பக்கத்து சீட்டுக்காரன் செல்வம் எழுதுவது.

இன்றைக்கும் உத்தனப்பள்ளி டீக்கடையில் பேப்பர் வாங்கினேன். முதல் பக்கத்தைப் பார்க்காமல் நேராக மாவட்டப் பக்கத்தைத் திருப்பினேன். உன் பழக்கம், விட்டுத் தொலைய மாட்டேன் என்கிறது. தேர்தல் வரப்போகிறது இல்லையா, பக்கம் முழுக்கச் சால்வைதான். போன மாதம் அந்தக் கட்சியில் சால்வை வாங்கியவர் இந்த மாதம் இந்தக் கட்சியில் வாங்குகிறார். ஒரு மூலையில் ராகித் தோட்டத்தில் யானை புகுந்த செய்தி, படத்தோடு.

நீ இருந்திருந்தால் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டிருப்பாய். "பாருப்பா செல்வம், நம்மூருக்கு யானை வந்தா போட்டோ புடிச்சுப் போடறான். டாக்டர் வரலீன்னா எவன் போடறான்?" பின்சீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். கண்டக்டர்கூட டிக்கெட்டை மறந்து நிற்பார். இப்போது எல்லார் கையிலும் போன். சென்னையில் எந்தத் தலைவர் யாரை என்ன திட்டினார் என்று எல்லாருக்கும் அத்துப்படி. நம் ஊர் சுகாதார நிலையத்தில் டாக்டர் எந்தக் கிழமை வருவார் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும் அண்ணா. நீ உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது.

நாம் பேப்பர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதிய விதம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். நீ படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழைப் பேப்பரிலும் பஸ் போர்டிலும் பார்த்துப் பார்த்து நீயாகக் கற்றுக்கொண்டாய். அச்சு எழுத்து என்றால் மடமடவென்று வாசிப்பாய். எழுத வராது. என் கையெழுத்தைப் பார்த்தால், "இது என்னாப்பா, கோழி கிளறின மாதிரி இருக்குது" என்பாய். அதனால் நீ சொல்ல நான் எழுதுவேன். நாம் இருவரும் வேலை பார்த்த கம்பெனியின் கேன்டீனில், சாப்பாட்டு நேரத்தில்தான் இந்த எழுத்து வேலை. எழுதி முடித்ததும், "படி" என்பாய். நான் வாசிக்க, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கீழே தெலுங்கில் கையெழுத்துப் போடுவாய். உன் கடிதம் எத்தனை முறை அச்சில் வந்தது! வந்த நாளெல்லாம் உன் நடையே வேறு.

அந்தக் கடைசிக் கடிதம் நம் ஊர் ஆஸ்பத்திரியைப் பற்றியது. நினைவிருக்கிறதா? ஒரு ஆட்சியில் வந்து அடிக்கல் வைத்தார்கள். அடுத்த ஆட்சியில் வந்து பத்தடி தள்ளி இன்னொரு அடிக்கல் வைத்தார்கள். இரண்டு கல்லுக்கும் நடுவில் ஆடு மேய்ந்தது. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் நீ ஒரு வரி சொன்னாய்: "இரண்டு கட்சிக்காரர்களையும் மேளதாளத்தோடு கூட்டி வந்து மாலை போட்டவர் எங்கள் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரே, ஆஸ்பத்திரி எங்கே என்று முதலில் அவரைத்தான் நாங்கள் கேட்க வேண்டும்."

பெயர் சொல்லவில்லைதான். ஆனால் அது யார் என்று ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். என் மச்சான், என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். என் மகன் அப்போது நாலு வருஷமாகக் கான்ட்ராக்ட்டில் தேய்ந்துகொண்டிருந்தான். மச்சான்தான் யாரிடமோ பேசி அவனை நிரந்தரமாக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

என் பேனா அந்த இடத்தில் நின்றது. நான் அந்த வரியை எழுதவில்லை அண்ணா. அதற்குப் பதிலாக "ஆவன செய்ய வேண்டுகிறோம்" என்று எழுதி முடித்தேன். பிறகு நீ "படி" என்றாய்.

படித்தேன். காகிதத்தில் இல்லாத வரியை, இருப்பது மாதிரி, ஒரு எழுத்து பிசகாமல் உனக்கு வாசித்துக் காட்டினேன். நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய். "சரியா வந்திருக்குதுப்பா" என்று என் முதுகில் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாய். நான் என்ன ஜென்மமோ!

எழுதாமல் விட்டது பயம் என்று வைத்துக்கொள்ளலாம். வாசித்ததற்கு என்ன பெயர் வைப்பது?

கடிதம் அச்சில் வந்த அன்று பஸ்ஸில் நீ எழுந்து நின்று படித்தாய். கடைசிக்கு வந்ததும் உன் குரல் தடுமாறியது. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாய். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தாய். "வெட்டிட்டாங்கப்பா" என்று சொல்லி உட்கார்ந்தாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதோடு விட்டாயா? ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாய். அங்கே அந்தப் பேப்பரின் நிருபர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பத்து பேர் முன்னால் அவரைப் பிடித்துக்கொண்டாய்.

"எவன்கிட்ட என்னா வாங்கினு என் வரியை வெட்டுனீங்க?"

"ஐயோ அண்ணா, கடிதமெல்லாம் நேரா சேலம் ஆபீசுக்குப் போவுதுங்க. எனக்கு அதுல கையே கிடையாது. வந்ததைத்தான் போட்டிருப்பாங்க."

"வந்ததைன்னா? இதோ எழுதுனவன் நிக்கறான், கேளுங்க! சொல்லுப்பா செல்வம்!"

அவர் என்னைப் பார்த்தார். நான், "விடுண்ணா, போலாம் வா" என்றேன். அவர் டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அவருக்கு அன்றே புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நீ கடிதமே சொல்லவில்லை. "எல்லாம் ஒரே கூட்டம்ப்பா. கட்சிக்காரனும் பேப்பர்காரனும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடறானுங்க" என்பாய். வாங்கிய பேப்பரை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுத் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொள்வாய். எத்தனை காலை நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்! ஒரு நாளாவது உண்மையைச் சொல்ல வாய் வந்ததா எனக்கு?

மகனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மச்சான் சொன்னபடி செய்தார். பையன் புதுச் சட்டையோடு உன் காலில் விழுந்தபோது, "எங்க வீட்டுப் புள்ளை ஜெயிச்சிட்டான்" என்று நீதான் பஸ் முழுக்கச் சாக்லேட் கொடுத்தாய். அன்று எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

நீ போன அன்று காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனைக் காரில் போட்டு ஓசூருக்குக் கொண்டு போனோம். லாரி வரிசையில் வண்டி நின்று நின்று போனது. அந்த இரண்டு கல்லையும் தாண்டித்தான் போனோம் அண்ணா. உன் தலை என் மடியில் இருந்தது. அந்த வரி அச்சில் வந்திருந்தால் ஆஸ்பத்திரி கட்டியிருப்பார்களா? மாட்டார்கள், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கல்லைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மறுநாள் மாவட்டப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி வந்தது. மக்கள் பிரச்சினைகளைக் கடிதமாக எழுதிவந்த வாசகர் முனிராஜ் காலமானார் என்று. யாரும் கேட்காமல் அந்த நிருபரே போட்டது. காரியத்துக்கும் வந்தார். கிருஷ்ணவேணி அண்ணி அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என் வூட்டுக்காரர் எழுதினதை வெட்டுன பாவி, சாப்பிட வந்துட்டானா?" என்று பந்தலில் எல்லார் காதிலும் விழ அழுதார். அந்த மனிதர் இலையிலிருந்து எழுந்து போய்விட்டார். அப்போதும் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று அவரைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். "எங்க பேப்பர்ல வெட்டறதே இல்லன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேங்க. ஆனா அன்னிக்கு வெட்டல" என்றார். பிறகு, "இதை எழுதிக் குடுங்க, சேலத்துல பேசிப் போடச் சொல்றேன்" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். மனைவியிடம் சொன்னேன். "எங்கண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?" என்று ஒரு பாடு திட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "முதல்ல அந்த அக்காகிட்ட போய்ச் சொல்லு. பேப்பர்ல பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது" என்றாள்.

நாளைக் காலை அண்ணி வீட்டுக்குப் போகிறேன். துடைப்பத்தை எடுத்தாலும் எடுக்கட்டும். உன் படத்துக்கு எதிரில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை முதல் எழுத்திலிருந்து வாசித்துக் காட்டப் போகிறேன். உன் வரி இதில் இருக்கிறது அண்ணா, மேலே பார், முழுசாக எழுதியிருக்கிறேன். இந்த முறை காகிதத்தில் இருப்பதை மட்டும்தான் வாசிப்பேன், சத்தியம்.

நீ சொல்லச் சொல்ல எழுதிய உன் தம்பி,
செல்வம்