ஜெனீவாவில் இறங்கியவருக்கு

சாந்தோம், மயிலாப்பூர்,
14-2-1949

சேசுவுக்குத் தோத்திரம். லண்டனில் இருக்கும் என் கணவர் இக்னேஷியஸ் அவர்களுக்கு நோரா எழுதுவது. இங்கு யாவரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் அம்மாவுக்குக் கால் வீக்கம் இடுப்புவரை ஏறிவிட்டது. மாதக் கடைசியைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன இரண்டு கடிதங்களிலும் இதைத்தான் எழுதினேன். லீவு இல்லை என்று ஒரே வரியில் பதில் போட்டீர்கள்.

லீவு இல்லாதவர் கிறிஸ்துமஸுக்கு ஜெனீவாவுக்கு எப்படிப் போனீர்கள்? பனிமலைப் படம் போட்ட கார்டு வேறு! விமானக் கம்பெனியில் வேலை, வருஷத்துக்கு ஒரு டிக்கெட் இலவசம், எந்த ஊருக்கும் போகலாம் என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். லண்டன், ஜெனீவா, கெய்ரோ, மறுநாள் பம்பாய் என்று வழியை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான். ஜெனீவாவில் எழுந்திருக்காமல் அதே சீட்டில் உட்கார்ந்திருந்தால் மறுநாள் பம்பாய். அங்கிருந்து மீனம்பாக்கத்துக்கு இன்னொரு விமானம், சில மணி நேரம். பெற்ற தாயைப் பார்க்க அவ்வளவுகூட உட்கார முடியவில்லையா? வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

இன்னொரு சங்கதி. போன வருஷம் பம்பாய்க்கும் லண்டனுக்கும் விமானம் விட்ட நாளிலிருந்து, என் மகன் எத்தனை நாளில் வந்துவிடுவான் என்று அத்தை என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உங்கள் மானத்தைக் காப்பாற்ற, ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவைத்தேன். ஊர் ஊராக இறங்க வேண்டும், ஒவ்வொரு தேசத்திலும் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும் என்று கதை அளந்தேன். அப்படியே நம்பிவிட்டார்கள். பூசைக்கு வருகிற பெண்களிடமெல்லாம், பாவம் என் பிள்ளை, ஐயாயிரம் மைலுக்கு அந்தப்பக்கம் மாட்டிக்கொண்டான் என்று சொல்லித் திரிந்தார்கள்.

சனிக்கிழமை கோயில் சுவாமியார் வந்து, நெற்றியிலும் கையிலும் கடைசி எண்ணெய் பூசி, அவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டார். அன்று காலை நான் பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பொய்யையும் சொன்னேன். சாகக் கிடப்பவளை ஏமாற்றாதே, போய் உண்மையைச் சொல் என்றார் சுவாமியார். சாயங்காலமே சொல்லிவிட்டேன், இரண்டே நாள்தான் அத்தை என்று.

என்னைத் திட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “ரெண்டு நாளா? இத்த இன்னாத்துக்கு எங்கிட்ட சொன்ன நோரா? ஒரு மாசம்னே இருந்தா, தூரத்து மேல பழியப் போட்டுக்கினு போய்ச் சேர்ந்திருப்பேனே” என்றார்கள். அன்றைக்குக் கஞ்சியைத் தொடவே இல்லை.

எனக்கு வயிறு எரிகிறது. பொய் சொன்னபோது நிம்மதியாகத் தூங்கிய மனுஷியை, உண்மையைச் சொல்லி நான் அழவைத்தேன். உங்களால்தான்.

எனக்காக நீங்கள் வர வேண்டாம். இந்த மூன்று வருஷத்தில் ஒருநாளும் எனக்காக வாருங்கள் என்று எழுதியதில்லை, இப்போதும் எழுதவில்லை. விமானத் தபாலில் இந்தக் காகிதம் ஐந்து நாளில் உங்களிடம் வந்துவிடும். பிறகு உங்களுக்கு இரண்டு நாள். ஏழு நாள் எண்ணுவேன். எட்டாம் நாள், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் அத்தை, ஒரு மாதம்தான் என்று மறுபடியும் சொல்லிவிடுவேன். அந்தப் பாவம் உங்கள் தலையில்.

இந்தத் தடவையாவது மாதா உங்களை ஜெனீவாவில் இறங்கவிடாமல் காப்பாளாக.

இப்படிக்கு,
நோரா