அம்மாவின் தோளில் உங்கள் எண்ணெய்

என் அப்பாவுக்கு,

அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தில் அதைத் தேடாதீர்கள். நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், எனக்குக் கேவலமாக இருப்பதையும் சேர்த்து.

நீங்கள் இறந்துபோய் எட்டு மாதம். அம்மாவுக்கு வலது தோள் மூட்டை மாற்றி இது பன்னிரண்டாவது வாரம். திருநெல்வேலியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "விழுந்து ரெண்டு வருஷமா? அதுவரைக்கும் என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார். அம்மா தரையைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்: "அப்பா எண்ணெய் தேய்ச்சாங்க."

அடுப்படியில் வழுக்கி விழுந்த அன்றே அவளுக்கு எலும்பு உடைந்திருக்கிறது. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கெல்லாம் மசாஜ் செய்கிற உங்களுக்கு அது சுளுக்காகத் தெரிந்தது. "ஊரே என் கையத் தேடி வருது, என் பொண்டாட்டி ஆஸ்பத்திரிக்குப் போவாளா?" என்றீர்கள். தேய்த்தீர்கள். தேய்த்த கையோடு ஐந்தருவிக்குக் கூட்டிப்போய், தோளைத் தண்ணீருக்குக் காட்டச் சொன்னீர்கள். உள்ளே எலும்பின் தலை செத்தே போனது. வலி அவளுக்கு. பெருமை யாருக்கு?

இப்போதைய செய்தியைச் சொல்கிறேன். அம்மா தினமும் சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை மேலே ஏற்றுவாள். எட்டிய இடத்தில் நான் பென்சிலால் கோடு போடுவேன். பதினோரு நாளாகத் தோள் உயரத்தில் ஒரே கோடுதான். பள்ளிக்கூடச் சத்துணவில் அவள் இடத்தில் இப்போது வேறொருவர் சமைக்கிறார். கை மேலே போகாவிட்டால் அந்த வேலை திரும்பக் கிடைக்காது. "இந்தக் கை இவ்ளோதானாட்டி?" என்று என்னிடம் கேட்கிறாள்.

இதையெல்லாம் மோப்பம் பிடித்ததுபோல் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அக்கா வந்தாள். கையில் நீங்கள் காய்ச்சி வைத்திருந்த எண்ணெய்.

"ரெண்டு உருவு உருவுனா கை தானா மேல போவும்," என்றாள் அத்தை. "பொம்பளையளுக்கு நான் தேய்க்காத தோளா?"

"உள்ள இருக்கது எலும்பு இல்ல அத்தை. கழண்டா நீங்க மாட்டி விடுவீங்களா?"

"படிக்கது பத்தாங் கிளாஸு. வாய் மட்டும் பெரிய டாக்டரம்மா. தள்ளுட்டி அங்கன. ஏ செல்வி, என் தம்பி கை பட்ட எண்ணெய். வேண்டாம்னா அவன் மனசு தாங்குமா?"

அம்மா போய் அத்தை முன்னால் உட்கார்ந்தாள். மூடியைத் திறந்ததும் வீடெல்லாம் உங்கள் வாசனை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். செத்த பிறகும் உங்களுக்கு அடங்கித்தான் இருக்க வேண்டுமா அவள்?

"அம்மா, அப்பா தேய்க்கும்போது சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு வாயில துண்ட வச்சிக் கடிப்பியே," என்றேன்.

அத்தையின் கை நின்றது. அம்மா கண்ணைத் திறந்தாள்.

"அவரு போனதுக்கப்புறம் நான் துண்டக் கடிக்கல மைனி," என்றாள். "எண்ணெயக் கொண்டு போங்க."

அத்தை போய்விட்டாள். நான் சொல்ல வேண்டியது ஒன்று மீதி இருக்கிறது. அம்மா துண்டைக் கடித்த நாட்களில் அவள் கால்களை அமுக்கிப் பிடித்திருந்தது நான். "நல்லாப் புடிட்டி, இப்பச் சரியாயிரும்," என்றீர்கள். நம்பினேன், பிடித்தேன். உங்கள்மேல் உள்ள கோபத்தில் எவ்வளவு என்மேல் உள்ளது?

ஒரு வாக்குத் தருகிறேன். உங்களைக் கைராசிக்காரர் என்று யார் சொன்னாலும் நான் தலையாட்ட மாட்டேன். என் கோபம் தீர்ந்தால் தெரியப்படுத்துவேன். தீராமலே தீர்ந்ததாக ஒருநாளும் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
அம்மா பக்கம் நிற்கும் உங்கள் மகள்.

பேனாவை மூடுவதற்குள் அறை இருட்டாகிவிட்டது. சுவிட்ச் என் தலைக்கும் மேலே இருக்கிறது. அம்மா சுவரில் விரல்களை நடக்கவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வலது கையாலேயே விளக்கைப் போட்டாள்.