கீழ்வளைவில் நேசன்

செப்டம்பர் 3, புதன்
வெயில். என் வழுக்கையில் அப்பளம் பொரிக்கலாம். பலெர்மோ நகரத்தை விட்டு மலைப்பக்கம் வந்தாயிற்று. நகரத்தில், கால்சாப் பகுதியில், நான் வீட்டு வேலை செய்வது ஒரு இத்தாலிய அம்மாவிடம், சிஞ்ஞோரா என்று கூப்பிடுவோம்; இது அவவின் மாட்டுப்பண்ணை. காவல்காரனுக்குக் கால் முறிவு. ஒரு கிழமைக்கு நானும் மனைவியின் தம்பி நேசனும் இந்த ராச்சியத்தின் சக்கரவர்த்திகள். குடிமக்கள் எல்லாம் பசுக்கள்.

மகாநதியும் உண்டு! மேலே பாறை இடுக்கில் பிறப்பு. பிறகு பெரிய வளைவு, அதில் ஒரு குட்டை. அதற்குக் கீழே வெறும் கூழாங்கல், அரளி. கீழ்வளைவில் இரு கரையும் சுவர் மாதிரி. தாண்டினால் கீழ்மேய்ச்சல். தண்ணீர், பூனைக்குட்டி முகம் கழுவக் காணாது.

மாடுகளைக் கீழ்மேய்ச்சலுக்கு மேட்டுப்பாதையால்தான் கொண்டுபோக வேண்டுமாம். சிஞ்ஞோராவின் கட்டளை.

செப்டம்பர் 4, வியாழன்
மேட்டுப்பாதை முழுக்க முள். நேசன்: "அத்தான், உது ஆறே? எங்கடை ஒழுங்கையை விடத் துப்புரவு."
ஆறு பார்த்து வளராத யாழ்ப்பாணத்தார் இருவர். ஆறு இல்லை, நடந்துபோகிற ஒழுங்கைதான் என்று தீர்ப்பு. மாடுகளை ஆற்றுக்குள் இறக்கினோம். அரளி நிழல், சுகமான நடை.

செப்டம்பர் 5, வெள்ளி
இங்கே ஒரு முகில் இல்லை. தூரத்து மலைக்குப் பின்னால் மட்டும் கறுப்பு.
குட்டையில் தண்ணீர் கூடியிருக்கிறது. மழையே இல்லாமல்! கூழாங்கல்லில் காதை வைத்தேன். அடியில் ஆட்கள் குசுகுசுப்பது போல.
"கீழை கலியாணம் பேசுகினமடா," என்றேன்.
"உங்களுக்கு வெயில் ஏறீட்டுது, அத்தான்."
சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 6, சனி
 

பின்னேரம். நான் பெரிய வளைவுக் கரையில். நேசன் கீழ்மேய்ச்சலில், மாடுகளைத் திருப்பிக் கொண்டுவர. திடீரென்று சில்வண்டுச் சத்தம் எல்லாம் ஒன்றாக நின்றது. பிறகு அது வந்தது. அலை இல்லை, இரைச்சல் இல்லை. மனிதன் நடக்கிற வேகத்தில் ஒரு பழுப்பு நாக்கு. காய்ந்த சாணி, சுள்ளி, அரளிப்பூ எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு. அதன் பின்னால் முழங்கால் உயரத் தண்ணீர். அதன் பின்னால் இடுப்பு உயரம். என்னைக் கடந்து கீழே போயிற்று.

நேசனுக்குப் போன் அடித்தேன்.
"எங்கை நிக்கிறாய்?"
"கீழ்வளைவுக்கை. மாடுகள் ஆத்துக்கை இறங்கமாட்டன் எண்டு நிக்குதுகள், அத்தான். அதுதான் உங்களைக் கூட்ட வாறன்."
"டேய், தண்ணி வருதடா! மலை மாதிரி! ஊரையே விழுங்கப்போகுது!"
சிரிப்பு. "இஞ்சை புழுதி பறக்குது. ஆர், உங்கடை கலியாணக்காரரோ வருகினம்?"
வாயில் வேறு உவமை வரவில்லை.
"நேசன். ஏறு."
 கல் சரியும் சத்தம். போன் கட்.

கரையால் ஓடினேன். கீழ்வளைவில் சுவருக்குச் சுவர் தண்ணீர். அக்கரையில் மாடுகள் வரிசையாக, அசையாமல். இக்கரையில், அரளி வேரைக் கட்டிப்பிடித்தபடி நேசன். முழங்கை இரண்டும் இரத்தம். காலடியில் தண்ணீர்.

இழுத்து மேலே போட்டேன். 
"என்னெண்டடா நம்பினாய்?"
"நீங்கள் உவமை ஒண்டும் இல்லாமல், 'ஏறு' எண்ட ஒரு சொல்லோடை நிப்பாட்டினியள், அத்தான். அதுதான் பயந்திட்டன்."