மாற்றாத ரப்பர்

சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியும் விரலிடுக்கில் பிரேக் ஆயில் வாடை போகவில்லை. தட்டில் சோறு ஆறிக் கிடக்கிறது. காலையில் நம் பிக்கப்பின் கிளட்சைப் பிரித்தேன். நீ போனதிலிருந்து மண்டி மொஹல்லா சந்து முனையில் தூசி மண்டி நின்ற வண்டி. விற்றுவிடலாம், ஓடுகிற மாதிரி மட்டும் செய்து கொடுங்கள் என்று உன் மனைவி கேட்டாள்.

கிளட்ச் விஷயத்தில் உனக்கு இருந்த திமிர் எந்த மெக்கானிக்குக்கும் கிடையாது. பெடல் தொளதொளத்து, கியர் கரகரத்தால் ஊரே பிளேட்டைக் குறை சொல்லும். நீ முதலில் பெடலுக்கு மேலே இருக்கும் சிலிண்டரைத் தடவிப் பார்ப்பாய். அப்புறம் வண்டிக்கு அடியில் புகுந்து, கியர்பாக்ஸ் ஓரத்துக் கீழ் சிலிண்டரின் ரப்பர் உறையை ஒரு விரலால் விலக்குவாய். உள்ளே ஈரம் தெரிந்தால், பிரேக் ஆயிலைத் தடுக்கும் உள் ரப்பர் தேய்ந்து கசிகிறது என்று அர்த்தம்.

ஆயில் குழாயில் புகுந்த காற்றை எடுக்கும்போது நீ அடியில், நான் பெடலில். "மிதி" என்பாய். மிதித்துக்கொண்டு, "பிடிச்சிருக்கேன்" என்பேன். நீ திருகைத் தளர்த்தியதும் ஆயில் குமிழ் குமிழாய்த் துப்பும். நீ மறுபடி இறுக்கும்வரை நான் காலை எடுக்கக் கூடாது, எடுத்தால் போன காற்று உள்ளே வந்துவிடும். ஒரு நாள் யாரையோ வேடிக்கை பார்த்துக் காலை எடுத்துவிட்டேன். உனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காதா என்று அடியிலிருந்தே திட்டினாய். திட்டினாலும் நாம் ஒருவரையொருவர் குரு என்றுதான் கூப்பிடுவோம்.

தசரா லோடு ஓடிக்கொண்டிருந்த சமயம் நம் வண்டியில் அந்த ஈரத்தைக் கண்டுபிடித்தாய். "ரப்பர் போச்சு குரு, மாத்தாம ஓட்டாத" என்று சொல்லிவிட்டு, அக்கா வீட்டு விசேஷத்துக்குக் கொள்ளேகால் போனாய். நான் மாற்றவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். திரும்பி வந்து கேட்டாய். உன் வாய்க்குப் பயந்து, மாத்தியாச்சு என்றேன்.

அதற்கப்புறம் தினமும் நீ எழுந்து வருவதற்குள் ஆயிலை ஊற்றி நிரப்பிவிடுவேன். பாட்டிலைத் துணியில் சுற்றி உன் சீட்டுக்குப் பின்னால் செருகி வைப்பேன். பெடல் நன்றாக நின்றது. பரவாயில்லையே, உனக்கும் கை வந்துவிட்டதே என்று மெச்சினாய் பார், அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். பாவி, சிரித்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லோடு இல்லை, அதனால் ஆயில் ஊற்றவில்லை. உன் மனைவி சர்ச்சுக்குப் போயிருந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாய். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உன்னை வண்டியில் ஏற்றி ஸ்டார்ட் பண்ணி மிதித்தேன். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கியர் விழவில்லை.

அந்த வலியிலும் நீ கோளாறைத்தான் தேடினாய். "புது ரப்பர்தானே, ஒழுகாது. காத்து நின்னிருக்கும் குரு, விட்டு விட்டு மிதி."

மிதித்தேன், மிதித்துக்கொண்டே இருந்தேன். பாட்டில் உன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதை எடுத்தால் பொய் தெரிந்துவிடும் என்று, ஐயோ, அந்த நேரத்திலும் யோசித்தேன். கடைசியில் தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்தேன். ஆஸ்பத்திரி வருவதற்குள் உன் பேச்சு நின்றுவிட்டது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் எதுவும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்று நான் அடியில், பெடலில் உன் மனைவி. பழைய ரப்பரைக் கழற்றித் தரையில் வைத்திருந்ததை ஏறும்போதே பார்த்திருக்கிறாள். காற்று எடுக்கும் நடுவில் மேலிருந்து கேட்டாள்.

"அண்ணா, இது புதுசு மாட்டினதாத்தானே அவர் சொன்னாரு?"

திருகு தளர்ந்திருந்தது. ஆயில் என் மணிக்கட்டு வழியே ஓடியது. நான் மாட்டவே இல்லை, அவனிடம் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் அடியில் படுத்தபடியே சொல்லிவிட்டேன். இப்போது காலை எடுத்துவிடுவாள், இறங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"பிடிச்சிருக்கேன்" என்றாள். "இறுக்குங்க."

வேலை முடிந்தது, பெடல் கல் மாதிரி நின்றது. அவள் இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "என்கிட்ட சொல்லிட்டீங்க. அவர்கிட்ட எப்ப சொல்லப் போறீங்க?"

அதற்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். காத்து இல்ல குரு. ரப்பர்தான். நான் மாத்தல.